மலைகளின் வேர்: மேற்பரப்பு அலைகள் வழியே புவி மேலோட்டை அறிந்த வரலாறு

மனிதர் வாழும் நிலத்தைத் தாங்கி நிற்கும் பாறைத் தோலை, அதாவது புவியின் மேலோட்டை, கண்டங்களில் எவரும் முழுமையாகத் துளைத்துப் பார்த்ததில்லை. உருசியாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கி இருபதாண்டு அளவுக்குத் தோண்டப்பட்ட துளையே இன்றளவும் மிக ஆழமானது. அதுவும் 12,262 மீட்டரில் நின்றுபோயிற்று, அவ்விடத்து மேலோட்டின் தடிமனில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆயினும் கண்டங்களின் அடியில் மேலோடு சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன் உடையது, பெருங்கடல்களின் அடியில் ஆறேழு கிலோமீட்டரே உடையது, திபெத்தின் அடியில் 70 கிலோமீட்டரை எட்டுகிறது என்று இன்று பள்ளிப் பாடநூல் கூறும் அளவுக்கு இச்செய்தி உறுதிப்பட்டுள்ளது. இந்த அறிவின் பெரும்பகுதி நிலநடுக்க அலைகள் தந்தது. அவற்றுள்ளும் நெடுங்காலம் ஆய்வாளர் அதிகம் பொருட்படுத்தாத மேற்பரப்பு அலைகள் தந்தது.

இவ்வரலாற்றின் முதல் வினா நிலநடுக்கத்திலிருந்து பிறக்கவில்லை, நில அளவையிலிருந்து பிறந்தது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை, குமரிமுனை முதல் இமயத்தின் அடிவாரம் வரை ஒரு நெடுங்கோட்டு வில்லாக நீண்டது. அவ்வில்லின் வட பகுதியில், நடு இந்தியாவின் கலியாண்பூருக்கும் தில்லிக்கு வடக்கிலுள்ள கலியானாவுக்கும் இடைப்பட்ட அட்சரேகை வேறுபாட்டை நிலத்தில் அளந்தபோது ஒரு மதிப்பும், விண்மீன்களைக் கொண்டு கணித்தபோது வேறொரு மதிப்பும் கிடைத்தன. இரண்டுக்கும் இடையே 5.236 பாகைவிநாடி பிசகு இருந்தது. இமயமலையின் பேரளவு நிறை தூக்குநூற்குண்டைத் தன் பக்கம் இழுப்பதே காரணம் என்று கருதிய கல்கத்தா ஆர்ச்டீக்கன் ஜான் ஹென்றி பிராட் அந்த ஈர்ப்பைக் கணக்கிட்டார், பிசகு 15.885 பாகைவிநாடியாக இருந்திருக்க வேண்டும் என்ற விடை வந்தது. மலை, தன் உருவத்துக்குத் தக்க இழுப்பில் மூன்றில் ஒரு பங்கையே காட்டியது.

இந்தப் புதிருக்கு 1855-இல் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் அளித்தார். நீரில் மிதக்கும் மரக்கட்டை எவ்வளவு உயர்ந்து தெரிகிறதோ அவ்வளவுக்கு ஆழ்ந்தும் இருப்பது போல, உயர்ந்த மலைக்கு அடியில் இலேசான பாறையாலான வேர் ஒன்று ஆழ இறங்கியிருக்கிறது, அங்கே அடர்ந்த பாறை இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டிருப்பதால் மலையின் ஈர்ப்பு குறைகிறது என்பது அவர் கருத்து. பிராட்டோ, வேர் வேண்டியதில்லை, மலைக்கு அடியிலுள்ள பாறையே அடர்த்தி குன்றியது என்றார். இரு கருத்துகளுமே அளவைக் கணக்கோடு பொருந்தின. ஈர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றுள் எது மெய் என்று தீர்க்க முடியாது. மேலோட்டின் தடிமனை நேரடியாகத் தொட்டறியும் வேறொரு கருவி வேண்டியிருந்தது. அந்தக் கருவி உருவாக நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

திண்மப் பொருளுக்குள் இருவகை அலைகள் செல்லும் என்பதைப் பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டியிருந்தார். பொருளை முன்பின்னாக நெருக்கியும் விரித்தும் செல்லும் நெட்டலை ஒன்று. செல்லும் திசைக்குக் குறுக்கே அசைத்துச் செல்லும் குறுக்கலை மற்றொன்று. நெட்டலை வேகமானது, குறுக்கலை அதனினும் மெதுவானது. ரேலி பிரபு 1885-இல் மூன்றாவது வகையைக் கணிதத்தால் கண்டறிந்தார். திண்மப் பொருளின் திறந்த மேற்பரப்பை ஒட்டியே செல்லும் அலை ஒன்று இருக்க முடியும், அது உள்ளே செல்லச் செல்ல விரைந்து வலுவிழக்கும், அதன் வேகம் குறுக்கலையின் வேகத்தைவிடச் சற்றே குறைந்திருக்கும் என்று அவர் காட்டினார். பொதுவான பாறைக்கு அது குறுக்கலை வேகத்தில் ஏறத்தாழ 92 விழுக்காடு. இத்தகைய அலை நிலநடுக்கங்களில் முக்கியப் பங்கு வகிக்கக்கூடும் என்று அவர் அக்கட்டுரையில் குறிப்பிட்டபோது, தொலைதூர நிலநடுக்கம் எதுவும் உலகில் எங்கும் கருவியில் பதிவாகியிருக்கவில்லை. கணிதம் கருவியை முந்திச் சென்ற அரிய தருணங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வலையின் இரு பண்புகள் பின்வரும் அனைத்துக்கும் அடிப்படையாகும். முதலாவது, உள்ளலைகள் எனப்படும் நெட்டலையும் குறுக்கலையும் புவியின் உடலெங்கும் முப்பரிமாணத்தில் பரவுவதால் தொலைவு கூடக்கூட விரைந்து மெலிகின்றன. மேற்பரப்பு அலையோ குளத்து நீரலை போலப் பரப்பில் மட்டுமே விரிவதால் மெதுவாகவே மெலிகிறது. ஆகையால் தொலைவில் நிகழும், ஆழம் குறைந்த நிலநடுக்கத்தின் பதிவில் மிகப் பெரிய அசைவு மேற்பரப்பு அலையுடையதாக இருக்கும். இரண்டாவது, அலை எவ்வளவு ஆழம் வரை பாறையை அசைக்கும் என்பது அதன் அலைநீளத்தைப் பொறுத்தது. பத்து விநாடி அலைவுக்காலமுடைய குறுகிய அலை மேலோட்டின் மேற்பகுதியையே பெரிதும் உணரும். நாற்பது விநாடி நீண்ட அலை மேலோட்டின் அடித்தளத்தையும் அதற்குக் கீழுள்ள கவசப் பாறையையும் சேர்த்து உணரும். ஒரே பதிவில் பல அலைநீளங்கள் கலந்திருப்பதால், ஒரே பதிவு பல ஆழங்களின் செய்தியை ஒருசேரச் சுமந்து வருகிறது.

தொலைதூர நிலநடுக்கத்தின் முதல் பதிவு 1889 ஏப்ரலில், எவரும் எதிர்பாராத வகையில் கிடைத்தது. நிலா முதலியவற்றின் ஈர்ப்பால் தூக்குநூலின் திசையில் நேரும் நுண்ணிய மாற்றத்தை அறிவதற்காக எர்ன்ஸ்ட் ஃபான் ரெபோர்-பாஷ்விட்ஸ் என்ற செருமானிய அறிஞர் பாட்ஸ்டாமிலும் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலும் கிடைநிலை ஊசல்களை நிறுவியிருந்தார். அவற்றின் ஒளிப்படத் தாளில் விளக்க முடியாத ஒரு கலக்கம் தென்பட்டது. அதே நாளில் தோக்கியோவில் நிலம் நடுங்கியதை அறிந்து இரண்டையும் அவர் இணைத்தார். இமயத்தின் இழுப்பைக் காட்டிய தூக்குநூலும், புவியைச் சுற்றிவரும் அலையைக் காட்டிய ஊசலும் ஒரே குடும்பத்துக் கருவிகள் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. சப்பானில் பல்லாண்டு பணியாற்றிய ஜான் மில்ன் 1895-இல் இங்கிலாந்து திரும்பியதும், தம் நில அதிர்வுமானியைப் பிரித்தானியப் பேரரசெங்கும் நிறுவச் செய்தார். பம்பாய், கல்கத்தா ஆகியவற்றோடு, சென்னையிலிருந்து வானாய்வகம் பெயர்ந்து சென்ற கொடைக்கானலிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மில்ன் கருவி இயங்கியது.

1897 சூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் அளவைத் துறையின் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். தொலைதூரப் பதிவுகளில் மூன்று கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை அவர் 1900-இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவுபடுத்தினார். முதல் இரண்டின் வேகம் தொலைவு கூடும்போது கூடுவதாகத் தோன்றியது; அவை புவியின் உள்ளே, ஆழ ஆழ வேகம் மிகும் பாதையில் வந்தவை என்பதே அதற்கு விளக்கம். மூன்றாவதான பேரலைகளோ எவ்வளவு தொலைவாயினும் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் என்ற அதே வேகத்தில் வந்தன, ஆகவே அவை மேற்பரப்பு வழியே வந்தவை. இந்தப் பகுப்பு அறிஞர் கவனத்தை முதல் இரண்டு கட்டங்களின் பக்கமே ஈர்த்தது என்பது வியப்பன்று. ஓல்டாமே 1906-இல் அவற்றைக் கொண்டுதான் புவிக்குக் கருவம் உண்டு என்று நிறுவினார். பதிவின் நீண்ட வால்பகுதி பல நிமிடங்களுக்கு இழுபட்டு ஓடினாலும், அதை விளக்கும் சொற்கள் அக்காலத்தில் இல்லை.

அந்த வால்பகுதி கோட்பாட்டோடு முரண்படவும் செய்தது. ரேலி அலையில் நிலத்துகள் செங்குத்தாகவும் அலை செல்லும் திசையிலும் நீள்வட்டமாகச் சுழல வேண்டும்; பக்கவாட்டு அசைவு அதில் இல்லை. பதிவுகளிலோ பக்கவாட்டு அசைவு வலுவாகவே காணப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் கணிதர் ஏ.இ.எச். லவ் 1911-இல் வெளியிட்ட நூலில் இம்முரணைத் தீர்த்தார். புவியை ஒரே சீரான பொருளாகக் கொண்டதே பிழை. வேகம் குறைந்த ஓர் அடுக்கு, வேகம் மிகுந்த மற்றோர் அடுக்கின்மீது போர்த்தியிருந்தால், குறுக்கலைகள் மேலடுக்குக்குள் சிறைப்பட்டு, பாம்பு நெளிவது போலப் பக்கவாட்டில் மட்டும் அசைத்துக்கொண்டு செல்லும் என்று அவர் நிறுவினார். இன்று அவர் பெயராலேயே வழங்கும் அவ்வலை மேலோடு என்ற தனி அடுக்கு இல்லாவிடில் அவ்வாறு உருவாகாது. எனவே பதிவுத் தாளில் அது தென்படுவதே புவி அடுக்குடையது என்பதற்குச் சான்றாயிற்று.

லவ் கண்ட அடுக்குக் கோட்பாட்டிலிருந்து மற்றொரு விளைவும் பின்தொடர்ந்தது. மேற்பரப்பு அலை ஆய்வு முழுவதும் அதன்மீதே நிற்கிறது. அடுக்குடைய நிலத்தில் நீண்ட அலை ஆழத்திலுள்ள விரைவான பாறையை உணர்வதால் விரைந்து செல்கிறது. குறுகிய அலை மேலே உள்ள மெதுவான பாறையில் பின்தங்குகிறது. ஒரே கணத்தில் பிறந்த அலைகள் வழியில் இவ்வாறு பிரிந்து நீள்வதற்கு அலைப்பிரிகை என்று பெயர். பழனிக்கு ஒரே ஊரிலிருந்து ஒன்றாகப் புறப்பட்ட பாதயாத்திரைக் கூட்டம் போகப் போக நீண்ட வரிசையாவது போன்றது இது. யார் எப்போது வந்து சேர்ந்தார் என்று குறித்துக்கொண்டால், கடந்து வந்த தடம் எத்தகையது என்று கூற முடியும். குழப்பமாகத் தோன்றிய நீண்ட வால், உண்மையில் வந்த வழியின் விவரக் குறிப்பு. அலைவுக்காலத்துக்கு ஏற்ப வேகம் மாறுவதை வரைந்து காட்டும் கோடு பிரிகை வளைவு எனப்படுகிறது. அலைத்தொகுதி ஆற்றலைச் சுமந்து செல்லும் வேகத்தைக் குழுத் திசைவேகம் என்றும், ஒரு தனி அலைமுகடு நகரும் வேகத்தைக் கட்டத் திசைவேகம் என்றும் பிரித்துக் கூறுவர்.

இதற்கு முன்பே, 1909 அக்டோபர் 8 அன்று குரோவாசியாவின் கூப்பா பள்ளத்தாக்கில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் உள்ளலைகளைக் கொண்டு, சாக்ரெபின் ஆந்திரியா மொஹொரோவிசிச் மேலோட்டின் அடித்தள எல்லையைக் கண்டறிந்திருந்தார். அது பெருஞ்சாதனை, ஆனால் அம்முறைக்கு நிலநடுக்க இடத்தைச் சூழ நெருக்கமாகப் பல நிலையங்கள் வேண்டும். ஐரோப்பாவில் அது கிட்டும், நடுக்கடலிலும் பாலைவனத்திலும் பனிமலையிலும் கிட்டாது. மேற்பரப்பு அலைக்கோ அக்கரையில் ஒரு நிலநடுக்கமும் இக்கரையில் ஒரு கருவியும் போதும். இடைப்பட்ட நிலத்தில் எவரும் காலடி வைக்க வேண்டியதில்லை.

இந்த வாய்ப்பை முதலில் உணர்ந்தவர்கள் செருமானியர். சமோவாத் தீவின் ஆப்பியா ஆய்வகத்தில் பணியாற்றிய குஸ்தாவ் ஆங்கன்ஹைஸ்டரும், ஹாம்பர்க்கின் டாம்ஸும் 1921-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பெருங்கடலின் அடிவழியாக வரும் மேற்பரப்பு அலைகள் கண்டங்களின் வழியாக வருபவற்றைவிட வேகமாக வருகின்றன என்று காட்டினர். வேறுபாடு சிறிது, அளவைப் பிழையோ சிறிதன்று. ஆயினும் அதன் பொருள் பெரிது. கடலடி என்பது நீரில் தாழ்ந்துபோன கண்டமன்று, அது வேறு வகையான ஓடு. கண்டங்களின் நகர்வை வலியுறுத்திய ஆல்ஃபிரட் வேகனர் தம் நூலின் பிற்பதிப்புகளில் இம்முடிவுகளைச் சான்றாகச் சேர்த்துக்கொண்டார். பெனோ குடன்பர்க் 1924-இல் பிரிகையையே அளந்து, கண்டத்துக்கும் கடலுக்கும் வெவ்வேறு வளைவுகள் உண்டு என்று காட்டினார். வேகனருக்கு எதிராக எழுந்த வாதங்களின் இரைச்சலில் இச்சான்று உரிய மதிப்பைப் பெறவில்லை என்பதும், தட்டுப் புவியியலின் வரலாற்றை எழுதுவோர் ஆங்கன்ஹைஸ்டர், டாம்ஸ் ஆகியோரின் பெயரை இன்றும் போதிய அளவு கூறுவதில்லை என்பதும் வருந்தத் தக்கவை.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் மெல்லவே நகர்ந்தன. கேம்பிரிட்ஜில் ஹரால்டு ஜெஃப்ரீசும் ராபர்ட் ஸ்டோன்லியும் கோட்பாட்டை வளர்த்தனர்; ஆனால் இரண்டடுக்கு மாதிரி ஒன்றுக்குப் பிரிகை வளைவு வரைவதற்கே கையால் நீண்ட கணக்குகள் போட வேண்டியிருந்ததால், மெய்யான புவியைப் போலப் பல அடுக்குகளைக் கொள்வது இயலாதிருந்தது. கடல்நீரும் ரேலி அலையைப் பாதிக்கும் என்பதை ஸ்டோன்லி 1926-இலேயே கணித்திருந்தார். அக்கணக்கின் முழுப் பயன் வெளிப்படக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அதை வெளிக்கொணர்ந்தவர்கள் நியூயார்க் அருகே 1949-இல் தொடங்கப்பட்ட லாமான்ட் ஆய்வகத்தின் மாரிஸ் யூயிங்கும் அவர் மாணவர் ஃபிராங்க் பிரெசும். பெருங்கடலைக் கடந்து வரும் ரேலி அலைகள் ஏறத்தாழ 15 விநாடி அலைவுக்காலத்தில் பல நிமிடங்கள் ஒரே சீராக ஊசலாடிக்கொண்டே இருப்பது பலரைத் திகைக்க வைத்திருந்தது. ஐந்து கிலோமீட்டர் ஆழமுள்ள நீரையும் அடுக்குகளில் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, அந்த நீண்ட ஊசலாட்டம் அப்படியே விடையாக வந்தது. நீரைக் கணக்கில் கொண்ட பின் எஞ்சியது மெல்லிய ஓடு ஒன்றே. கடல்மட்டத்திலிருந்து பத்துப் பதினொரு கிலோமீட்டரிலேயே கவசம் தொடங்கிவிடுகிறது. கடலில் வெடிவைத்து அளந்தவர்களுக்கும் அதே எண் கிடைத்தது. 1952-இல் இவ்விருவரும் கண்ட மேலோட்டுக்குள் மட்டுமே செல்லும் மற்றொரு மெதுவான அலையை விவரித்தனர். வழியில் நூறு கிலோமீட்டர் அளவு கடலடி குறுக்கிட்டாலே அது மறைந்துவிடும். ஆகவே அவ்வலை ஒரு கடற்பகுதியைக் கடக்கிறதா என்று பார்ப்பது, அங்கே கண்டம் புதைந்துள்ளதா என்று பார்ப்பதாகும்.

இங்கே தமிழ் வாசகர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. மடகாசுகரின் விலங்குகளை விளக்குவதற்காக பிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் கற்பனை செய்த இலெமூரியாக் கண்டம், பின்னாளில் தமிழரின் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்பட்டது. இலக்கிய மரபின் கடல்கோள் நினைவுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் தடித்த கண்ட ஓடு கடலுள் மூழ்கினாலும் மெல்லிய கடலோடாக மாறிவிடுவதில்லை. செசெல்சு போன்ற சில சிறு துண்டுகள் நீங்கலாக, குமரிமுனைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் இந்தியப் பெருங்கடலின் அடியில் இருப்பது கடலுக்கே உரிய மெல்லிய ஓடுதான்.

பிரெஸ் 1956-இல் தெற்குக் கலிபோர்னியாவில் மேலும் ஒரு படி சென்றார். தொலைவிலிருந்து வரும் ஒரே அலைமுகடு அருகருகே உள்ள நிலையங்களை எந்தெந்த நொடியில் கடக்கிறது என்று அளந்தால், அந்த நிலையங்களுக்கு இடைப்பட்ட சிறு நிலப்பகுதியின் கட்டத் திசைவேகம் கிடைத்துவிடும். நிலநடுக்கம் பிறந்த இடத்தையும் நேரத்தையும் துல்லியமாக அறியத் தேவையில்லை. இதனால் கண்டம் முழுவதற்குமான சராசரி என்ற நிலை மாறி, ஒரு மாவட்ட அளவுக்கு மேலோட்டை அளப்பது இயல்வதாயிற்று. பல அடுக்குகளைக் கொண்ட நிலத்துக்குப் பிரிகையைக் கணிக்கும் அணிமுறையை நார்மன் ஹாஸ்கல் 1953-இல் வகுத்தளித்தார். கணிப்பொறி வந்ததும் லாமான்ட்டின் ஜேம்ஸ் டோர்மன் அதை நிரலாக்கினார். ஓராண்டுக் கைக்கணக்கு சில மணி நேர வேலையாகச் சுருங்கியது. 1960-களில் ஒரே மாதிரியான கருவிகளுடன் ஏறத்தாழ 120 நிலையங்கள் கொண்ட உலகப் பொது வலையம் அமைந்தபோது, இந்தியாவில் தில்லி, புனே, சில்லாங் ஆகியவற்றோடு கொடைக்கானலும் அதில் இடம்பெற்றது.

1855-இன் வினா விடை பெற்றது இந்தச் சூழலில்தான். ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹர்ஷ் குப்தாவும் ஹரி நாராயணும் இமயத்தையும் திபெத்தையும் கடந்து வந்த மேற்பரப்பு அலைகளின் பிரிகையை அளந்து 1967-இல் வெளியிட்டனர். அலைகள் வழக்கத்துக்கு மாறாக மெதுவாக வந்தன. இலேசான, மெதுவான பாறை மிக ஆழம் வரை இறங்கியிருந்தாலன்றி அது நிகழாது. அங்கு மேலோட்டின் தடிமன் 65 முதல் 70 கிலோமீட்டர், அதாவது சாதாரணக் கண்ட ஓட்டைப் போல ஏறத்தாழ இருமடங்கு என்று அவர்கள் கணித்தனர். பின்னர் வந்த பல்வேறு அளவைகள் இதையே உறுதிப்படுத்தின. இமயத்துக்கு வேர் உண்டு. அந்த மலையைப் பொறுத்தவரை ஏரி கூறியதே சரி. கண்டத்துக்கும் கடலுக்கும் இடையிலான வேறுபாட்டில் பாறை அடர்த்திக்கும் பங்கு உண்டென்பதால், பிராட் முற்றும் தோற்றார் என்றும் கூறிவிட முடியாது.

இம்முறையின் எல்லையையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. ஒரே பிரிகை வளைவுக்குப் பொருந்தும் அடுக்கமைப்புகள் பல இருக்கக்கூடும்; தடித்த, சற்று வேகமான ஓடும், மெல்லிய, சற்று மெதுவான ஓடும் ஏறக்குறைய ஒரே வளைவைத் தரலாம். எல்லை எவ்வளவு கூர்மையானது என்பதையும் மேற்பரப்பு அலை நன்கு காட்டாது. ஆகவே உள்ளலைகளின் சான்றோடு இணைத்தே அதைப் படிக்க வேண்டும்.

நிலநடுக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இந்நூற்றாண்டில் தளர்ந்தது. கடலலைகள் ஓயாது நிலத்தைத் தட்டுவதால் எழும் மெல்லிய அதிர்வு எல்லாப் பதிவுகளிலும் உண்டு. இடையூறு என்று நெடுங்காலம் வடிகட்டி எறியப்பட்டது அது. தோக்கியோவின் கெய்ட்டி அகி 1957-இலேயே அத்தகைய நுண்ணதிர்விலிருந்து அலை வேகத்தைப் பெறும் வழியை வகுத்திருந்தார். நிக்கொலாய் ஷப்பீரோ, மிஷேல் காம்பிலோ முதலியோர் 2005-இல் கலிபோர்னியா நிலையங்களை இரண்டிரண்டாக எடுத்து, அவற்றின் பல நாள் பதிவுகளை ஒப்பிட்டு, ஒரு நிலையத்திலிருந்து மற்றதற்குச் செல்லும் மேற்பரப்பு அலையை வெளிக்கொணர்ந்தனர். சியர்ரா நெவாடாவின் கருங்கல் மலைகள் வேகமாகவும், வண்டல் படிந்த பள்ளத்தாக்குகள் மெதுவாகவும் அவ்வலைகளின் வேகத்தை வரைந்த படத்தில் தெளிவாகத் தெரிந்தன.

ஓல்டாமின் காலத்தில் பொருள் விளங்காத வால்பகுதியும், பிற்காலத்தில் வடிகட்டி எறியப்பட்ட இரைச்சலும் பயன்பட்டது, யாரோ தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான். 1897 அசாம், 1934 பீகார், 1950 அசாம் போன்ற நிலநடுக்கங்கள் ஆய்வாளர் விரும்பியபோது மீண்டும் வருவன அல்ல. அவற்றின் அலைகள் பல நாட்டு ஆய்வகங்களில் ஒளிப்படத் தாளாகவும் புகைபடிந்த தாளாகவும் மட்டுமே உள்ளன, தாளோ ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. பழைய பதிவுகளைக் காத்துவரும் ஒவ்வொரு நிலையமும், கொடைக்கானல் உட்பட, அவற்றைத் தாள் தாளாகப் படியெடுத்து எண்ணிம வடிவில் ஆய்வாளர் அனைவருக்கும் திறந்து வைக்க வேண்டும்.